சுண்ணாம்பு பூசிய மரம் சாவதில்லை

எங்கள் ஊர் தூஸ்-புலாக்கில் ஒரு மரம் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள உச்சியை அண்ணாந்து பார்க்கக் கூடாது. அடியைப் பார்க்க வேண்டும். அடிமரத்தில் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது உயிரோடு இருக்கிறது. பூசவில்லை என்றால் செத்துவிட்டது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, பசுமைப் பேணல் துறையின் கண்டுபிடிப்பு. அந்தத் துறையில் மரத்தைப் பற்றித் தெரியாதவர்கள் மட்டுமே வேலை பார்ப்பதால் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

நான் புறம் பேசுகிறவள் இல்லை. வேலி தாழ்வாக இருக்கிறது, கண் தானாகப் போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ரொட்டி சுடும் துருசுபேக்கின் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. இரண்டுக்கும் நடுவே தெருவோர வாய்க்கால் கரையில் ஒரு நெட்டைப் பாப்லார் மரம். தெருவோர மரமெல்லாம் துறையின் சொத்து. இந்தச் சொத்து மூன்று வசந்தமாக ஓர் இலை விடவில்லை. பட்டை உரிந்து, பொந்து விழுந்து, கிழக்கே சாய்ந்து நின்றது. கிழக்கே என்றால் துருசுபேக் வீட்டு ஓரத்து அறையின் மேல்.

அந்த வீட்டில் குளிருக்கு அடுப்பு வைத்த அறை அது ஒன்றுதான். மகன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். மருமகள் நூர்சுலு வயிற்றுப்பிள்ளைக்காரி. இலையுதிர் காலத்தில் பேறு. இலையுதிர் காலத்தில்தான் மேற்கே கணவாயிலிருந்து உலான் காற்றும் கிளம்பி வரும். உலான் வந்தால் ஊரை ஒட்டிய ஏரியில் படகு கவிழும், ஊரில் கூரைத் தகடு பறக்கும். பிள்ளை முதலில் வருமா, உலான் முதலில் வருமா என்பதுதான் துருசுபேக்கின் கவலை. மாவு பிசையும்போதும் தலையைத் தூக்கித் தூக்கி மரத்தைப் பார்ப்பான். அதனாலேயே அந்த வருஷம் ரொட்டியில் உப்பு முன்னே பின்னே இருந்தது.

அந்த வசந்தத்தில்தான் துறைக்குத் துல்பார் வந்தது.

துல்பார் என்பது கதைகளில் வரும் சிறகுள்ள குதிரை. வந்து நின்றதோ ஆரஞ்சு நிற லாரி. முதுகில் மூன்றாக மடிந்த நீளக் கை, கையின் முனையில் இரும்புத் தாடை, தாடைக்குள் ஒரு ரம்பம். எந்த மரத்தையும் நின்ற நிலையில் கவ்வி, அறுத்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் கீழே வைத்துவிடுமாம். பின்னால் கட்டியிழுக்கும் இன்னொரு எந்திரம் முழு மரத்தையும் தின்று சீவலாகத் துப்புமாம். பெயர் சூட்டியது இயக்குநர். ஊர் அதை ஒட்டகம் என்றுதான் சொன்னது. துறையின் காது கேட்கும் தூரத்தில் மட்டும் துல்பார்.

புது வண்டி வந்தால் ஆடு அறுத்துச் சக்கரத்தில் ரத்தம் தடவுவது எங்கள் வழக்கம். துறை முற்றத்தில் விரிப்பு விரித்து ஊரையே உட்கார வைத்தார்கள். இயக்குநர் ஜெக்ஷெனாலியெவ் எழுந்தார். அவருக்குக் கழுத்து கிடையாது. தலையை ஆட்ட வேண்டுமென்றால் முழு உடம்பையும் ஆட்டுவார். அதனால் அவர் சொல்லும் ஒவ்வொரு ஆமாமும் பெரிய ஆமாம்.

"மக்களே! நேத்து வரைக்கும் இந்த ஊர்ல மரங்கள் இஷ்டத்துக்கு விழுந்துச்சு. யாரையும் கேக்காம விழுந்துச்சு. ராத்திரியில கூட விழுந்துச்சு! இன்னையிலேருந்து துறையோட அனுமதி இல்லாம ஒரு மரம் விழாது. விழ விடமாட்டோம்!"

எல்லாரும் கையேந்தி, முகத்தைத் தடவி, அப்படியே ஆகட்டும் என்று ஓமீன் சொன்னோம். துருசுபேக் இரண்டு தடவை சொன்னான்.

பிறகு இறைச்சி வந்தது, வில்லங்கமும் வந்தது. எங்களில் ஆட்டின் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு தகுதி உண்டு. யாருக்கு எந்த எலும்பு விழுகிறதோ அதுதான் அவருடைய இடம். மாற்றிக் கொடுத்துவிட்டால் கல்லறை வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இடுப்பெலும்புதான் தலைமை. அதை ஜம்பாஷ் என்போம். தட்டு இயக்குநர் முன்னால் வைக்கப்பட்டது. அவர் கையை நீட்டிவிட்டார். அப்போது துணை இயக்குநர் ரோசா சகீனோவ்னா இருமினாள். சமய சந்தர்ப்பம் தெரிந்து இருமுவதற்காகவே பதவி உயர்வு வாங்கியவள்.

"மன்னிக்கணும், இயக்குநர் அவர்களே. துல்பாருக்கு எந்த எலும்பு?"

நீட்டிய கை பாதியில் நின்றது. இயக்குநர் யோசித்தார். வண்டியின் விலையை யோசித்தார். தன் சம்பளத்தை யோசித்தார். முற்றத்தில் உட்கார்ந்திருந்த மொத்தப் பேரையும் விற்றாலும் அந்த வண்டியின் ஒரு சக்கரம் வராது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஜம்பாஷை எடுத்து வண்டியின் முகப்பில் வைத்துவிட்டு, தொடையெலும்பைத் தான் எடுத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். ஓட்டுநர் தாலாய்க்குக் கழுத்தெலும்பு விழுந்தது. முகப்பில் இருந்ததை நாய்கள் தின்றன.

நான் சிரித்தேன். என் கணவர் குபாத் என் முழங்கையைக் கிள்ளினார். "சிரிக்காத புருல். இதுல ஒரு வம்பு இருக்கு." இருந்தது. அன்றிலிருந்து துறையில் அந்த வண்டியைவிடப் பெரிய எலும்பு தின்றவர் யாரும் இல்லை.

அடுத்த வாரம் துருசுபேக் சூடான ரொட்டிக் கூடையோடு துறைக்குக் கிளம்பினான். கூடையைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். கூடை அப்படியொன்றும் கனமில்லை.

ரோசா சகீனோவ்னா ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள். "சொல்லுங்க. மரம் உயிரா, சவமா?"

"சவம்தாங்க. மூணு வருஷமா இலையே இல்ல."

"இலையை விடுங்க. வெள்ளை இருக்கா?"

"இருக்கு. உங்க ஆளுங்கதான் ஒவ்வொரு வசந்தமும் வந்து அடிச்சுட்டுப் போறாங்க."

"அப்ப உயிரோட இருக்கு."

துருசுபேக் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ரோசா சகீனோவ்னா, அது காஞ்சு போச்சுங்க. தட்டினா பானை மாதிரி சத்தம் வருது."

"துருசுபேக் பைகே, நீங்க ரொட்டி சுடறவரு, அதனால பொறுமையா சொல்றேன். நாங்க எதுக்கு சுண்ணாம்பு அடிக்கிறோம்? மரத்தைக் காப்பாத்த. செத்ததை யாராவது காப்பாத்துவாங்களா? செத்த மரத்துக்கு சுண்ணாம்பு அடிக்க நாங்க என்ன முட்டாளா?"

பைகே என்று அண்ணன் முறை வைத்து அவள் கேட்ட அந்தக் கேள்வியை நான் மரியாதையாக விட்டுவிட்டேன். துருசுபேக்தான் பாவம், யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

"தெருவிளக்குக் கம்பத்துக்கும் வெள்ளை அடிச்சிருக்கீங்களே. அதுவும் உயிரோட இருக்கா?"

"அதுல கரன்ட் ஓடுதுல்ல?" என்றாள் ரோசா சகீனோவ்னா. "ஓடுதுன்னா உயிரோட இருக்கு. நாங்க தப்பு பண்றதில்ல."

மரத்தைப் பார்வையிடக் குழு வரும் என்று சொல்லி, கூடையை வைத்துக்கொண்டு எங்களை அனுப்பினாள். கூடை என்னுடையது. இன்னும் வரவில்லை.

குழு வந்தது. ரோசா சகீனோவ்னாவும், வட்டாரத்திலிருந்து வந்த நிபுணர் அபீலாசோவும். பின்னால் தாலாய். நிபுணர் மெலிந்த மனிதர். எதைப் பார்த்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். முதலில் தேநீர், புது ரொட்டி, பாலாடை. பிறகு இன்னொரு முறை தேநீர். அதற்குப் பிறகு நிபுணர் மரத்தடிக்குப் போய், கண்ணை மூடி, காதை வைத்துக் கேட்டார். விரலால் தட்டினார். உள்ளே எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிறாற்போல் சத்தம் வந்தது.

"மரம் ஓய்வில இருக்கு" என்றார்.

"மூணு வருஷமாவா?" என்றான் துருசுபேக்.

"ஓய்வுன்னா சாவு இல்ல, நண்பரே. எங்க துறையில பாதிப் பேர் ஓய்வுலதான் இருக்கோம். யாராவது எங்களை வெட்டச் சொல்றாங்களா?"

ரோசா சகீனோவ்னா தலையசைத்தாள். நானும் அசைத்தேன், வேறு காரணத்துக்காக.

அப்போது ஏரிப் பக்கமிருந்து லேசாக ஒரு காற்று. உச்சியிலிருந்து கை கனத்தில் ஒரு கிளை முறிந்து, தேநீர் விரிப்பின் ஓரத்தில், நிபுணரின் தொப்பிக்கு அரை அடி தள்ளி விழுந்தது. கிண்ணம் உடைந்தது. நூர்சுலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். துருசுபேக்கின் முகம் மலர்ந்தது. இதைவிடச் சாட்சி வேறென்ன?

நிபுணர் கண்ணைத் திறந்தார். "பாத்தீங்களா? அசையுது! செத்தது அசையுமா?"

குழு எழுந்து போய்விட்டது. மரம் உயிரோடு இருப்பது நிரூபணமாகிவிட்டது.

துருசுபேக் வாயில்லாதவனே தவிர யோசனை இல்லாதவன் இல்லை. வெள்ளைதான் குற்றம் என்றால் வெள்ளையைப் போக்கிவிட்டால் சரி. காடி ஊற்றி, இரும்பு பிரஷ் வைத்து, மத்தியான வெயிலில் அடிமரத்தைத் தேய்த்தான். அவன் மனைவி சாய்ரா வெந்நீர் ஊற்றினாள். நான் எதுவும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்கும் ஆள் வேண்டும். சாயங்காலம் மரம் தன் உண்மை நிறத்தில், கரிக்கட்டையாக நின்றது. மறுநாள் காலையில் துறையாட்கள் வாளியோடு வந்தார்கள்.

"வெள்ளை உதிருது. மரம் ரொம்ப பலவீனமா இருக்கு போல" என்றான் ஒருவன் கவலையோடு. "கூடுதல் கவனிப்பு குடுக்கணும்."

இந்த முறை இடுப்போடு நிற்கவில்லை. ஏணி போட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு, இரட்டைப் பூச்சு. மரம் மணப்பெண் மாதிரி ஆகிவிட்டது. துருசுபேக் அன்று அடுப்பில் ரொட்டியை மறந்துவிட்டான். கருகிய ரொட்டியை எங்கள் மாடு தின்றது.

ஆனால் அந்த இரட்டைப் பூச்சுக்கு ஒரு விலை இருந்தது. துறையின் சுண்ணாம்பு அத்தோடு தீர்ந்துபோனது. பள்ளிக்கூடத்து வேலியோரம் ஒரு வரிசை இளம் பாதாமி, அதாவது ஆப்ரிகாட் மரங்கள். பூத்துக் காய்க்க ஆரம்பித்திருந்தவை. ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அதில் ஜாம் பங்கு உண்டு, எனக்குக் கொஞ்சம் அதிகப் பங்கு. அவற்றுக்கு அந்த வருஷம் வெள்ளை கிடைக்கவில்லை.

கோடையில் ஊர் தினம் வந்தது. துல்பாரின் திறமையை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை. காட்டச் செத்த மரம் வேண்டும். ஊரெல்லாம் தேடினார்கள். வெள்ளை இல்லாத மரம் எங்கேயும் இல்லை, பள்ளி வேலியோரம் தவிர.

கொடி கட்டி, மேளம் அடித்து, துல்பார் வந்தது. இயக்குநர் வண்டியின் படியில் ஏறி நின்று கை அசைத்த பிறகுதான் தாலாய் கியரைத் தொட்டான். நீளக் கை விரிந்தது. தாடை முதல் பாதாமியைக் கவ்வியது. பழுக்காத காய்கள் கொட்டின. நேர்த்தியான வேலை, அதை மறுக்க முடியாது. சமோவாரில் தேநீர் கொதிக்கும் நேரத்துக்குள் ஒரு வரிசை மரமும் சீவலாகி, சின்னச் சின்னப் பைகளில் நாடா கட்டி விருந்தினர்களுக்கு வழங்கப்பட்டது. ஆசிரியை ஒருத்தி அழுதாள்.

"அழாதம்மா" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "அது செத்த மரம். செத்ததுக்கு அழறது நம்ம மூடநம்பிக்கை. பச்சையா இருக்கறதெல்லாம் உயிரோட இருக்குன்னு நினைக்கிறதாலதான் நம்ம நாடு முன்னேறல!"

என் பையில் ஒரு பிஞ்சுப் பாதாமி முழுசாக இருந்தது. அதை வைத்து ஜாம் செய்ய முடியாது.

கூட்டம் கலைந்ததும் துருசுபேக் தாலாயைத் தனியாகப் பிடித்து, தம்பி முறை வைத்துக் கேட்டான்.

"இனிம், எந்தத் தெரு வழியாத் திரும்பற?"

"உங்க தெருதான், பைகே."

"அப்ப என் வீட்டு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒரே ஒரு கடி கடிச்சுட்டுப் போயேன். உனக்கு ஒரு மூட்டை ரொட்டி."

தாலாய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பைகே, எனக்கு ஆசை இல்லையா? ஆனா இது ஜம்பாஷ் தின்ன வண்டி. நான் கழுத்தெலும்பு தின்னவன். நான் எப்படி அதுக்கு உத்தரவு போடறது? இயக்குநரே தொடையெலும்புதான். அவரே படியில நின்னு முதல்ல அதைக் கும்பிட்டுட்டுத்தான் பேசறாரு, கவனிச்சீங்களா?"

"அப்ப அதுக்கு யார்தான் உத்தரவு போடுவா?"

"அதைத்தான் துறையில ரெண்டு கூட்டம் போட்டுப் பேசினாங்க. ரெண்டாவது கூட்டத்துல வண்டியையும் கூப்பிட்டாங்க. கதவு வழியா நுழையல."

இலை உதிர ஆரம்பித்தது. எங்கள் பாப்லாருக்கு அந்தச் சிரமம் இல்லை. நூர்சுலுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம், நாளைக்கு வீடு என்று செய்தி வந்த அன்று காலையில் உலான் வந்தது.

நான் ஜன்னலில் நின்றேன். மரம் முனகுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே கேட்டது. பிறகு ஒரு பெரிய கிளை. துருசுபேக் வீட்டுக் கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓரத்து அறைக்குள் இறங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தோம். குழந்தைக்காகச் சாய்ரா அன்று காலையில்தான் தொட்டிலை அலங்கரித்து அடுப்புப் பக்கமாக வைத்திருந்தாள். கிளை தொட்டிலின் குறுக்குக் கட்டையை முறித்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்து நின்றது, விருந்துக்கு வந்தவன் மாதிரி.

சாய்ரா வாயில் துணியை வைத்துக்கொண்டாள். துருசுபேக் மாவுக் கையோடு வாசலில் நின்றான். இத்தனை மாதத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"நாளைக்கு வந்துருவா" என்றான். "எங்க படுக்க வைப்பேன்?"

என் கணவர் குபாத் என் பக்கம் திரும்பினார். "புருல், உன் தம்பியோட டிராக்டர் ஓடுதா?"

"ஓடும். நிக்கத்தான் நிக்காது."

"போதும்."

துறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊர் எரிந்தாலும் யாரும் வெளியே வர மாட்டார்கள். அந்த நேரமாகப் பார்த்து என் தம்பியின் நீல டிராக்டர் இருமிக்கொண்டே வந்தது. காற்று சற்று ஓய்ந்திருந்தது. குபாத் ஏணியில் ஏறி இரும்புக் கயிற்றை மாட்டினார். தெரு நீளத்துக்கு மரம் விழும்படி டிராக்டரைத் தூரத்தில் நிறுத்தி இழுத்தான் தம்பி. நாங்கள் எல்லாரும் ஒரு பெரிய போராட்டத்தை எதிர்பார்த்தோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வேரெல்லாம் மக்கிப்போயிருந்தது. சொத்தைப்பல் மாதிரி மொத்த மரமும் வேர்க்கட்டையோடு பெயர்ந்து தெருவில் நீளமாகப் படுத்துக்கொண்டது. பொந்திலிருந்து ஒரு பூனை வெளியே வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போனது.

கூரையை அன்றே ஒட்டினார்கள். மறுநாள் நூர்சுலு குழந்தையோடு வந்தபோது அடிமரத்தைத் தாண்ட முடியாமல் நின்றாள். துருசுபேக் பேத்தியை வாங்கி, மரத்துக்கு மேலாகச் சாய்ராவிடம் நீட்டினான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டில் கட்டைக்கு ஆணி அடித்தாகிவிட்டது. பின்கட்டில் தொட்டில் விருந்துக்கென்று வளர்த்த ஆடு கத்தியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

தெரு மூலையில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. இத்தனை மாதம் மரத்தை எடுக்க வராத துறை, மொத்தமாக வந்தது. துல்பார் முன்னே, இயக்குநர் படியில், பின்னால் ரோசா சகீனோவ்னா, நிபுணர் அபீலாசோவ்.

இயக்குநர் இறங்கி, படுத்திருந்த மரத்தின் பக்கத்தில் தொப்பியைக் கழற்றினார்.

"யார் கொன்னது?"

"செத்த மரத்தை எப்படிங்க கொல்றது?" என்றான் துருசுபேக்.

"இது என்ன நிறம்?"

"வெள்ளை."

"ரெண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளை! இந்த ஊர்லேயே இதைவிட உயிரோட இருந்த மரம் கிடையாது!" இயக்குநர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் வட்டாரத் தலைவர் வர்றாரு. ஊர்ல இருக்கிற வெள்ளை மரத்தையெல்லாம் நின்னு பார்க்கப் போறாரு. நான் இங்க எதைக் காட்டுவேன்? குழியையா?"

"குழிக்கும் வெள்ளை அடிச்சிடுங்களேன்" என்றேன் நான். யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் குபாத்தைப் பார்த்தேன்.

ரோசா சகீனோவ்னா இருமினாள். "ரெண்டு வழிதான் இருக்கு, துருசுபேக் பைகே. ஒண்ணு, மரக்கொலைக்கு அபராதம். உங்க அடுப்பை வித்தாலும் போதாது. இல்லேன்னா, மரத்தைப் பழையபடி நிறுத்தறது. துல்பார் நிறுத்தும்."

"நிறுத்தறதா? வேர் இல்லாம எப்படி நிக்கும்?"

நிபுணர் கண்ணை மூடினார். "ஓய்வுல இருக்கறவங்களுக்கு வேர் அவசியம் இல்ல."

அடுப்பை விற்றால் அந்த வீட்டில் நாலு வயிறு பட்டினி. துருசுபேக் தலையைக் குனிந்தான். "ஆனா இந்த அறைப் பக்கம் சாயக் கூடாது. அது மட்டும் போதும்."

"சாயாது! நேரா நிக்கும்" என்றார் இயக்குநர். "பொறந்தப்ப நின்னதைவிட நேரா!"

ஆனால் துல்பார் மரத்தை நிறுத்துவது இதுதான் முதல் தடவை. ஆடு அறுக்காமல் தொடங்க முடியாது. எல்லாரும் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஆடு கத்துவதை நிறுத்திவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை தெரியும். எங்கள் துறை அழக்கூட இல்லை. நேராக விரிப்பைக் கேட்டது.

பேத்தியின் தொட்டில் விருந்துக்கு வளர்த்த ஆட்டைத் துறை தின்றது. ஜம்பாஷை இந்த முறை துருசுபேக்கே எடுத்துக்கொண்டுபோய் வண்டியின் முகப்பில் வைத்தான். வைத்துவிட்டுக் கையேந்தி, வண்டியைப் பார்த்துச் சொன்னான்.

"தின்னுங்க, பெரியவரே. இங்க இருக்கறவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் பொய் சொல்லல."

ஓமீன் என்றார்கள் அதிகாரிகள், வாயில் இறைச்சியோடு.

பிறகு வேலை. துல்பார் நிற்க அகலம் போதாமல் என் வாசலை அடைத்து நிறுத்தினார்கள். நீளக் கை என் முட்டைக்கோஸ் பாத்திக்கு மேலாக விரிந்து, மரத்தைக் கவ்வித் தூக்கி, குழியில் இறக்கியது. மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். மரம் நின்றது. பழையபடி கொஞ்சம் கிழக்கே.

"இன்னும் கொஞ்சம் நேரா!" என்றார் இயக்குநர்.

தாலாய் இழுத்தான்.

"இன்னும் கொஞ்சம்! போட்டோவுல சாஞ்சாப்ல தெரியும்!"

"நேராத்தான் இருக்கு, இயக்குநரே."

"நீ கழுத்தெலும்பு. பேசாம இழு."

இழுத்தான். மரம் நேர்க்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. போட்டோ எடுத்தார்கள். கை தட்டினார்கள். "விடு" என்றார் இயக்குநர். தாலாய் தாடையை லேசாகத் தளர்த்தினான். மரம் என் சமையலறைக் கூரையைப் பார்த்து ஒரு முழம் குனிந்தது. நான் கத்திய கத்தலில் தாடை திரும்ப மூடிக்கொண்டது. இன்னொரு முறை தளர்த்தினான். இன்னொரு முழம். நான் இன்னொரு முறை கத்தினேன்.

"விட முடியாதுங்க" என்றான் தாலாய். "நான் விட்டா அது விழும்."

இயக்குநர் முழு உடம்பையும் ஆட்டி யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒளி வந்தது. அந்த ஒளி வந்தால் ஊருக்கு ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"மக்களே! வண்டி வாங்கி சும்மா நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னு சில வாய்கள் பேசுச்சு. பாருங்க! இன்னையிலேருந்து துல்பார் இரவும் பகலும் பணியில இருக்கும். ஒரு நொடி கூட ஓய்வு எடுக்காது. எந்த ஊர்த் துறையிலயாவது இப்படி இடைவிடாம உழைக்கிற எந்திரம் உண்டா?"

தாலாய் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, என் வேலியைத் தாண்டிக் குதித்து வீட்டுக்குப் போனான். அதிகாரிகளும் போனார்கள்.

வட்டாரத் தலைவர் வந்து காருக்குள்ளிருந்தே பார்த்துப் பாராட்டினார். வட்டாரத்திலேயே மிகச் சிறந்த பராமரிப்பு பெறும் மரம் இதுதானாம். ஒரே மரத்துக்கு ஒரு முழு எந்திரம்.

குளிர்காலம் போயிற்று. துருசுபேக்கின் பேத்தி அடுப்பு அறையில் கொழுகொழுவென்று வளர்ந்தாள். கூரைக்கு மேலே வானம்தான், மரம் இல்லை. உலான் வரும்போது மரம் அந்தப் பக்கம் போகப் பார்க்கும், தாடை விடாது. உலானுக்கு நான் பயப்படவில்லை. ஆனால் இந்த ஏரிக்கு இரண்டு காற்று. கிழக்கேயிருந்து சான்தாஷ் வரும்போது மொத்தப் பாரமும் என் சமையலறைப் பக்கம் சரியும். இரும்புக் கை முனகும். எண்ணெய் சொட்டும். நான் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்தில் நின்று சமைப்பேன். மாடு வண்டிக்கு அடியில் குனிந்து போகக் கற்றுக்கொண்டது. என் துணிகள் நீளக் கையில் காய்கின்றன.

"என்ன புருல் எஜே, முற்றத்துல நிக்கிறீங்க?" என்று வேலிக்கு மேலாக, அக்கா முறை வைத்துக் கேட்பான் துருசுபேக். அவன் குரலில் நான் முன்பு கவனிக்காத ஒரு நயம் வந்திருந்தது.

"காத்து வாங்கறேன்."

"நல்ல காத்து. கிழக்குக் காத்து."

வசந்தம் வந்ததும் நான் துறைக்குப் போனேன். துருசுபேக் ஒரு கூடை ரொட்டி கொடுத்தான். கூடையை எடுத்து வர அவனும் கூடவே வந்தான். கூடை அப்படியொன்றும் கனமில்லை.

"மரம் உயிரோடதானே இருக்கு, எஜே" என்றாள் ரோசா சகீனோவ்னா, ரொட்டியை மென்றுகொண்டே.

"மரத்தை விடுங்க. வண்டியை எடுங்க. எண்ணெய் சொட்டுது. கை துருப்பிடிச்சிருச்சு. அது செத்துப்போச்சு, ரோசா சகீனோவ்னா! என்னைக்காவது மொத்தமா என் அடுப்பு மேல வந்து உக்காரும்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். நான் எதைச் சொன்னாலும் சொல்லியிருக்கலாம், அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது.

"செத்துப்போச்சா? துல்பாரா? வெள்ளை இருக்கா?"

"வண்டிக்கு எதுக்குங்க வெள்ளை?"

அவள் என்னைப் பார்த்து இரக்கத்தோடு இருமினாள்.

மறுநாள் காலையில் துறையாட்கள் வாளியோடு வந்தார்கள். முதலில் மரத்துக்கு. பிறகு தெருவிளக்குக் கம்பத்துக்கு. அப்புறம் துல்பாரின் சக்கரங்களுக்கு, படிக்கு, முகப்புக்கு, இடுப்பளவுக்கு, ஒழுங்காக, இரட்டைப் பூச்சு. நான் வாசலில் கையைக் கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் துருசுபேக் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கவலைப்படாதீங்க, எஜே" என்றான். "ஓய்வுல இருக்கு."

வாளிக்காரன் கடைசிச் சக்கரத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தான். பிரஷ்ஷில் இன்னும் சுண்ணாம்பு மீதம் இருந்தது. தெருவில் அசையாமல் நிற்பது வேறு என்ன பாக்கி என்று சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை என்மேல் வந்து நின்றது.

சுண்ணாம்பு வாளி வருகிற நாட்களில் நான் இப்போதெல்லாம் வாசலில் அதிக நேரம் நிற்பதில்லை.